வயிற்றுக் குழாயின் வரலாறு: வைப்பது ஒருநாள், பேணுவது பலநாள்



முதலாம் ஆண்டு மாணவர் பதிவின்போது நடந்த ஒரு நிகழ்வைச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். கிள்ளானில் நான் பணியாற்றும் தமிழ்ப்பள்ளிக்கு ஓர் இளந்தாய் தம் மகனை அழைத்து வந்திருந்தார். பாரங்களையெல்லாம் நிரப்பிக் கொடுத்த பின்னரும் அவர் எழுந்து செல்லவில்லை. சற்றுத் தயங்கிவிட்டுப் பையனின் சட்டையை மெல்லத் தூக்கிக் காட்டினார். தொப்புளுக்கு மேலே, இடப்புறமாக, சட்டைப் பொத்தான் போன்ற சிறு மூடியொன்று இருந்தது.

“டீச்சர், இவனுக்கு வாயால சரியா முழுங்க வராது. இது வழியாத்தான் பால் ஊத்துறோம். படிப்பு நல்லா வரும். சேத்துக்குவீங்களா?”

மேசையைச் சுற்றியிருந்த ஆசிரியர் எவரும் உடனே மறுமொழி கூறவில்லை. அவர்களைக் குறைகூற மாட்டேன். நம்மில் பெரும்பாலோர் இத்தகைய ஒன்றைக் கண்டதில்லை. எனக்கு மட்டும் அது புதிதாகத் தோன்றவில்லை. என் தாயார் தம் இறுதி மூன்றாண்டுகளை இப்படிப்பட்ட ஒரு குழாயோடுதான் கழித்தார். அவருக்கு நாங்கள் அறியாமையால் இழைத்த பிழையொன்று இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது. அந்தப் பிழையை எழுதுவதற்கு முன், இக்குழாய் எங்கிருந்து வந்தது என்பதை வரலாற்று முறையில் நோக்குவோம். வரலாற்றை அறிந்தால் அச்சம் நீங்கும் என்பது என் நம்பிக்கை.

குழாய் என்பது யாது?

விழுங்க இயலாதவர்க்கு உணவூட்ட இரு வழிகள் பெருவழக்கில் உள்ளன. ஒன்று, மூக்கின் வழியே தொண்டையைக் கடந்து வயிற்றை அடையும் மெல்லிய குழாய். மற்றொன்று, வயிற்றுச் சுவரில் சிறு துளையிட்டு நேரே இரைப்பைக்குள் வைக்கும் குழாய். பின்னதை மருத்துவமனைகளில் ‘பெக்’ என்பர். வீடுகளில் ‘வயித்து டியூப்’ என்றால் யாவர்க்கும் விளங்கும். இக்குழாய் நழுவாதிருக்க, இரைப்பையின் உட்புறத்தில் ஒரு தட்டோ நீர் நிரப்பிய சிறு பலூனோ இருக்கும். தோலின் மேற்புறத்தில் மற்றொரு தட்டு இருக்கும். இவ்விரண்டு தட்டுகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் தாயாரின் கதையே அவற்றுக்கு இடையில்தான் நிகழ்ந்தது.

மூக்குக் குழாயின் வரலாறு பழையது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர், விழுங்கும் தசைகள் செயலிழந்த ஒருவருக்கு 1790-இல் விலாங்கு மீனின் தோலால் செய்த குழாய் மூலம் உணவூட்டினார். வயிற்றைத் திறந்து உணவூட்டுவதை அக்காலத்தில் எவரும் எண்ணிப் பார்க்கத் துணியவில்லை. வயிற்றைத் திறந்தால் இறப்பு உறுதி என்பதே பொதுவான கருத்தாயிருந்தது.

துப்பாக்கி திறந்த துளை

அக்கருத்தை அசைத்தது ஒரு விபத்து. 1822 ஜூன் 6-ஆம் நாள், அமெரிக்காவின் மெக்கினாக் தீவில் இருந்த தோல் வணிகக் கடையொன்றில் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. அலெக்சிஸ் சென் மார்டின் எனும் இளைஞர் மிக அருகில் நின்றிருந்தார். குண்டு அவருடைய விலாவையும் இரைப்பையையும் துளைத்தது. படை மருத்துவர் வில்லியம் போமண்ட் அவரைக் காப்பாற்றினார். ஆயினும் துளை மூடவில்லை. தொடக்கத்தில் உண்டதெல்லாம் அத்துளை வழியே வெளியே வழிந்தது. நாளடைவில் இரைப்பையின் உட்சவ்வே மடிந்து, கதவுபோல் உள்ளிருந்து துளையை அடைத்துக்கொண்டது. விரலால் அழுத்தினால் திறக்கும், விட்டால் மூடும்.

போமண்ட் அத்துளை வழியே இறைச்சித் துண்டுகளையும் காய்கறித் துண்டுகளையும் பட்டு நூலில் கட்டி உள்ளே விட்டு, எது எவ்வளவு நேரத்தில் செரிக்கிறது என்று ஆராய்ந்தார். 1833-இல் அவர் வெளியிட்ட நூலில் இருநூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகள் பதிவாகியுள்ளன. செரிமானம் பற்றி இன்று நாம் அறிவியல் பாடத்தில் கற்பிப்பவற்றுள் பல அந்நூலில் வேர்கொண்டவை.

ஆனால், சென் மார்டினின் பக்கத்திலிருந்தும் இக்கதையைக் காண வேண்டும். அவர் ஏழைத் தொழிலாளி. சோதனைப் பொருளாக நடத்தப்படுவதை வெறுத்து, ஒன்றுக்கு மேற்பட்ட முறை கனடாவிலுள்ள தம் ஊருக்குத் திரும்பிவிட்டார். மணம் புரிந்தார், பிள்ளைகளைப் பெற்றார், உழைத்தார். மருத்துவர் போமண்ட் 1853-இல் மறைந்தார். அவருக்குப் பின் 27 ஆண்டுகள் வாழ்ந்து 1880-இல் சென் மார்டின் காலமானார். வயிற்றில் துளையுடன் மனிதன் நெடுங்காலம் வாழ முடியும் என்பதற்கு அவரே முதற்பெரும் சான்று. அவர் இறந்தபின், மருத்துவர்கள் உடலை அறுத்துப் பார்த்துவிடக் கூடாதென்று குடும்பத்தார் உடல் அழுகும்வரை வைத்திருந்தே அடக்கம் செய்தனராம். அந்த வெறுப்பு எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

கத்தி திறந்த துளை

விபத்தால் நேர்ந்ததை வேண்டுமென்றே செய்தால் என்ன? தொண்டையோ உணவுப் பாதையோ அடைபட்டுப் பட்டினியால் மடிபவர்க்கு வயிற்றில் வழி திறந்தால் என்ன? 1837-இல் நார்வே நாட்டுப் படை மருத்துவர் எகெபெர்க் இவ்வெண்ணத்தை முன்வைத்தார். 1849-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் சார்ல் செதிய்யோ அதனை மனிதரிடம் முதன்முறை செய்தார். நோயாளி இறந்துவிட்டார். பின்னர் வந்தவர்களின் முயற்சிகளும் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் இறப்பிலேயே முடிந்தன. 1875-இல் இலண்டனில் சிட்னி ஜோன்ஸ் அறுவை செய்த நோயாளி நாற்பது நாள் வாழ்ந்ததே அன்று பெரும் வெற்றியாகக் கருதப்பட்டது.

அதற்கு அடுத்த ஆண்டு, 1876-இல், பாரிஸில் மருத்துவர் வெர்னய் முழு வெற்றி கண்டார். அவருடைய நோயாளி பதினேழு வயது இளைஞன். எரிகாரத்தைத் தவறுதலாக விழுங்கியதால் அவனுடைய உணவுப் பாதை அடைபட்டிருந்தது. வெர்னய் இரைப்பையை வயிற்றுச் சுவரோடு வெள்ளிக் கம்பியால் தைத்தார். இரைப்பை நீர் வயிற்றறைக்குள் கசியாமல் காத்ததே அவர் வெற்றியின் காரணம். இக்காலத்தில் மயக்க மருந்தும், லிஸ்டர் 1867-இல் அறிவித்த கிருமித்தடுப்பு முறையும் துணைக்கு வந்துவிட்டன. 1891-இல் விட்செலும் 1894-இல் ஸ்டாமும் துளையிலிருந்து கசியாதிருக்கத் தையல் முறைகளை வகுத்தனர். ஸ்டாமின் முறை இன்றளவும் வழக்கில் உள்ளது.

இங்கே நம் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. தொடக்ககாலக் குழாய்கள் உலோகத்தாலும் விறைப்பான பொருள்களாலும் ஆனவை. அவை உள்ளே புண்ணாக்கின. வளையும் மென்குழாய் கிடைத்தது ரப்பரைப் பதப்படுத்தும் முறை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கண்டறியப்பட்ட பின்னரே. பிரெஞ்சு மருத்துவர் நெலாட்டோன் செய்த சிவப்பு ரப்பர் குழாய் உலகெங்கும் பரவியது. இருபதாம் நூற்றாண்டில் அந்த ரப்பரின் பெரும்பகுதி மலாயாவின் பால்மரக் காடுகளிலிருந்து சென்றது. கிள்ளானைச் சூழ்ந்த தோட்டங்களில் விடியற்காலையில் மரம் சீவி, மங்கில் பால் சேர்த்தவர்கள் நம் பாட்டன் பாட்டியர். என் தாயாரும் அவர்களுள் ஒருவர். மருத்துவமனைக் குழாய்களுக்கும் தம் கையால் சேர்த்த பாலுக்கும் தொடர்புண்டு என்று அவருக்குத் தெரிந்திருக்காது. ரப்பர், இரைப்பை அமிலத்தில் நாளடைவில் சிதையும் இயல்புடையது. ஆதலால் இன்றைய வயிற்றுக் குழாய்கள் பெரும்பாலும் சிலிக்கோனாலும் பாலியூரித்தேனாலும் செய்யப்படுகின்றன.

மென்று குழாயில் இட்ட மனிதர்

நீண்டகாலக் குழாய் வாழ்வு பற்றி நமக்கு மிகுதியாகக் கற்பித்தவர் ‘டாம்’ எனும் அமெரிக்கர். 1895-இல், ஒன்பது வயதில், சுடச்சுட இருந்த சிப்பிச் சூப்பை விழுங்கியதால் அவருடைய உணவுப் பாதை வெந்து அடைபட்டது. வயிற்றில் துளை வைக்கப்பட்டது. அதன்பின் அரைநூற்றாண்டுக்கும் மேலாக அவர் அத்துளை வழியே உண்டு, உடலுழைப்பு வேலைகள் செய்து, குடும்பம் நடத்தினார். தம் நிலையைப் பிறர் அறியாவண்ணம் மறைத்தே வாழ்ந்தார்.

நியூயார்க்கில் மருத்துவர்கள் வுல்ஃப் இருவர், அதாவது ஸ்டுவர்ட் வுல்ஃபும் ஹெரல்ட் வுல்ஃபும், அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1943-இல் நூலாக வெளியிட்டனர். டாம் சினமுற்றால் இரைப்பைச் சவ்வு சிவந்தது, அஞ்சினால் வெளிறியது. இதனினும் எனக்கு வியப்பளித்தது வேறொன்று. டாம் உணவை முதலில் வாயிலிட்டு மென்று சுவைப்பார். பிறகே அதனைக் குழாய் வழியே வயிற்றில் இடுவார். வாய்க்குத் தராமல் நேரே வயிற்றில் இட்டால் அவருக்கு உண்ட நிறைவு ஏற்படவில்லை.

இதற்கு அறிவியல் அடிப்படை உண்டு. பாரிஸ் இளைஞனை ஆராய்ந்த சார்ல் ரிஷே, சுவையுள்ள பொருளை அவன் வாயில் மென்றபோதே, உணவு ஏதும் சென்றடையாத இரைப்பையில் செரிநீர் சுரந்ததைக் கண்டார். ரஷ்யாவின் பாவ்லோவ் நாய்களிடம் அதனையே விரிவாக நிறுவி, 1904-இல் நோபல் பரிசு பெற்றார். பசி வயிற்றில் மட்டும் இல்லை. அது வாயிலும் இருக்கிறது. குழாய் அந்தப் பாதிப் பசியைத் தீர்ப்பதில்லை.

1979: கிளீவ்லாந்தில் ஒரு குழந்தை

ஏறத்தாழ நூறாண்டுகள் வயிற்றுக் குழாய் என்றால் வயிற்றைக் கிழித்துச் செய்யும் அறுவை என்றே இருந்தது. எண்டோஸ்கோப் எனும் வளையும் உள்நோக்கிக் கருவி 1950-களின் இறுதியில் உருவானது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் குழந்தை அறுவை மருத்துவர் மைக்கேல் காடரர் ஒன்றைக் கவனித்தார். குழந்தையின் இரைப்பைக்குள் எண்டோஸ்கோப்பின் விளக்கு எரியும்போது அவ்வொளி வயிற்றின் மேல் தோலில் தெரிந்தது. ஒளி தெரியும் இடத்தில் ஊசியால் துளைத்தால் போதுமே என்று எண்ணினார். 1979 ஜூன் 12-ஆம் நாள், அவரும் எண்டோஸ்கோப்பு வல்லுநர் ஜெஃப்ரி பொன்ஸ்கியும் ஒரு கைக்குழந்தைக்கு வயிற்றைக் கிழிக்காமலே குழாய் வைத்தனர். 1980-இல் அம்முறை வெளியிடப்பட்டது. 1984-இல் தோலோடு படிந்திருக்கும் ‘பொத்தான்’ வகையையும் காடரர் குழுவினரே அறிமுகம் செய்தனர். நம் பள்ளிக்கு வந்த பையனின் வயிற்றில் இருந்தது அவ்வகையே.

குழந்தைகளுக்காகப் பிறந்த இம்முறை விரைவில் முதியோரிடம் சென்றது. அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். முழு மயக்கம் வேண்டா. ஆகவே, பக்கவாதம் தாக்கியவர்களுக்கும் மறதிநோய் முற்றியவர்களுக்கும் ஆயிரக்கணக்கில் வைக்கப்பட்டது. வைப்பது எளிதானதும், ‘வைக்க வேண்டுமா?’ என்ற வினாவும், ‘வைத்தபின் என்ன?’ என்ற வினாவும் பின்னுக்குச் சென்றன. இக்கட்டுரையின் கருப்பொருள் அதுவே.

எங்கள் வீட்டில் நிகழ்ந்த பிழை

2016-இல் என் தாயாரைப் பக்கவாதம் தாக்கியது. வலக்கை, வலக்கால், பேச்சு, விழுங்கும் ஆற்றல் அனைத்தும் போயின. முதலில் மூக்குக் குழாய் வைத்தார்கள். இடக்கையால் அதனைப் பலமுறை பிடுங்கியெறிந்தார். கையைக் கட்டிலோடு கட்டினார்கள். அதைக் காணப் பொறுக்காமல் வயிற்றுக் குழாய்க்கு நான் இசைந்தேன். பிரிக்பீல்ட்சில் வசிக்கும் என் அண்ணன், “அம்மா வயித்துல ஓட்டை போடவா நம்மள பெத்தாங்க?” என்று கேட்டார். இரண்டு வாரம் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. பிறகு அவரும் இசைந்தார்.

குழாய் வைத்தபின் அம்மா தேறினார். கன்னம் நிறைந்தது; கையைக் கட்டும் தேவை ஒழிந்தது. அதனை நான் மறுக்க மாட்டேன். ஒரு மாதம் கிள்ளானில் என் வீட்டிலும் மறுமாதம் அண்ணன் வீட்டிலுமாக வைத்துப் பார்த்தோம். பால்மாவு டின்களைச் சுமந்துகொண்டு கொமுட்டர் ரயிலில் நான் சென்றுவந்த நாள்கள் பல.

மருத்துவமனையில் தாதியர் ஒரு தாளைக் கொடுத்திருந்தனர். மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அதனை நான் மேலோட்டமாகப் பார்த்து, அலமாரி இழுப்பறையில் வைத்துவிட்டேன். பள்ளியிலிருந்து அனுப்பும் சுற்றறிக்கையைப் பெற்றோர் படிப்பதில்லை என்று ஆண்டுதோறும் குறைகூறும் ஆசிரியர் நான்!

குழாய் ஓரத்தில் சிறிது கசிந்தால், வெளித்தட்டைத் தோலோடு இறுக்கி ஒட்டினோம். குழாயை அசைத்தால் அம்மாவுக்கு வலிக்கும் என்று அதனைத் தொடவே அஞ்சினோம். அன்பினால் செய்த பிழை. ஓராண்டுக்குப் பின், 2017-இன் இறுதியில், பால் உள்ளே இறங்க மறுத்தது. அழுத்தினால் அம்மா முகம் சுளித்தார். துளையின் ஓரம் சிவந்து வீங்கியது. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம்.

மருத்துவர் எண்டோஸ்கோப் படத்தைக் காட்டினார். இரைப்பையில் தெரிய வேண்டிய உள்தட்டைக் காணவில்லை. அது இரைப்பைச் சுவருக்குள் புதைந்து, மேலே சதை மூடியிருந்தது. வெளித்தட்டை நாங்கள் இறுக்க இறுக்க, உள்தட்டு சுவரை அழுத்தி, அரித்து, சிறிது சிறிதாக உள்ளே சென்றிருக்கிறது. ‘புதைந்த தட்டு நோய்’ என்று இதற்குப் பெயர். “வாரம் ஒருதரம் குழாயை உள்ளே கொஞ்சம் தள்ளி, சுத்தி, திரும்ப இழுத்து வைக்கணும். தாள்ல இருக்குமே, டீச்சர்,” என்றார் அம்மருத்துவர். அவர் கடிந்துரைக்கவில்லை. எனினும் அன்றிரவு நான் உறங்கவில்லை. இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். நான்காவது வரியில் இருந்தது.

பழைய குழாயை எடுத்து, வேறிடத்தில் புதிய குழாய் வைத்தார்கள். எழுபத்து நான்கு வயதில் அம்மாவுக்கு இன்னொரு துளை.

நாட்பட வரும் தொல்லைகள்

அந்நிகழ்வுக்குப் பின் நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன். இவையனைத்துக்கும் அடிப்படை ஒன்றே. உடல் அத்துளையைப் புண்ணாகவே கருதுகிறது. எப்போதும் அதனை மூடவே முயல்கிறது.

1. கசிவும் தோல் புண்ணும். இரைப்பை நீர் அமிலத்தன்மை உடையது, தோலை அரிக்கும். கசிகிறது என்று பெரிய குழாயை மாற்றினால், துளையும் பெரிதாகிக் கசிவு கூடுவதுண்டு. காரணத்தைக் கண்டறிவதே முறை.

2. மிகைச்சதை. துளையைச் சுற்றிச் சிவந்த, ஈரமான சதை வளரும். தொட்டால் குருதி கசியும். பெரும்பாலும் தீங்கற்றது. குழாய் அதிகம் அசைவதாலும் ஈரத்தாலும் பெருகும்.

3. புதைந்த தட்டு. மேலே கூறியது. வெளித்தட்டுக்கும் தோலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். துளை ஆறியபின் தட்டுள்ள குழாயைத் தள்ளிச் சுற்ற வேண்டும். குடல்வரை நீளும் குழாய்களைச் சுற்றக் கூடாது. ஆகவே, உங்கள் குழாய் எவ்வகை என்று கேட்டறிவது முதற்கடமை.

4. குழாய் கழன்றுவிடுதல். துளைவழி முதிர ஏறத்தாழ நான்கு வாரமாகும். முதிர்ந்த துளையும் குழாய் இல்லையேல் சில மணி நேரத்தில் சுருங்கத் தொடங்கும். ஆதலால் நாளை பார்ப்போம் என்று இருத்தலாகாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முதல் மாதத்தில் கழன்றால் வீட்டில் திரும்பச் செருகுதல் பேராபத்து. உணவு வயிற்றறைக்குள் சென்றுவிடக்கூடும்.

5. அடைப்பு. பொடித்த மாத்திரையும் கெட்டியான கஞ்சியும் காரணங்கள். ஊட்டும் முன்னும் பின்னும் வெதுவெதுப்பான நீர் செலுத்துவதே சிறந்த தடுப்பு. கோலா பானம் ஊற்றினால் அடைப்பு கரையும் என்பார்கள். அதன் புளிப்பு, பாலின் புரதத்தைத் திரைத்து அடைப்பைக் கூட்டவும் கூடும்.

6. நுரையீரல் அழற்சி. குழாய் வைத்துவிட்டால் புரையேறாது என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. உமிழ்நீரும், மேலெழும் பாலும் நுரையீரலுக்குள் செல்லலாம். ஊட்டும்போதும் அதற்குப்பின் அரைமணி முதல் ஒருமணி நேரம் வரையும் தலைப்புறம் உயர்ந்திருக்க வேண்டும். வாயால் உண்ணாதவரின் வாயையும் நாள்தோறும் துலக்க வேண்டும். துலக்காத வாயில் பெருகும் கிருமிகளே பெரும்பாலும் நுரையீரலுக்குச் செல்கின்றன.

7. குழாயின் முதுமை. பலூன் வகையைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தட்டு வகை அதனினும் நீண்டகாலம் உழைக்கும். சிலிக்கோனிலும் பூஞ்சை படிந்து அதனைச் சிதைப்பதுண்டு.

வேண்டுமா, வேண்டாவா?

1990-களின் இறுதியில் மருத்துவ உலகம் தன்னைத் தானே வினவத் தொடங்கியது. 1999-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வுத் தொகுப்பு, மறதிநோய் முற்றிய முதியோருக்குக் குழாய் வைப்பதால் ஆயுள் நீள்வதற்கோ நுரையீரல் அழற்சி தவிர்வதற்கோ சான்றில்லை என்று கூறியது. அத்தகையோருக்குக் கையால் பொறுமையாக ஊட்டுவதே மேல் என்பது இன்று முதியோர் மருத்துவத்தின் பரவலான பரிந்துரை. 2005-இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று, பக்கவாதம் தாக்கிய முதல் சில வாரங்களில் வயிற்றுக் குழாயை விட மூக்குக் குழாயே ஏற்றது எனக் காட்டியது. விழுங்கும் ஆற்றல் பலருக்கு அவ்வாரங்களில் திரும்பிவிடுவதும் ஒரு காரணம். பின்னரும் திரும்பாதவர்க்கே வயிற்றுக் குழாய்.

கையால் ஊட்டுவதன் மேன்மைக்கு மும்பையில் ஒரு சான்று உண்டு. கே.இ.எம். மருத்துவமனைத் தாதி அருணா ஷான்பாக் 1973-இல் கொடிய தாக்குதலுக்கு ஆளாகி நினைவிழந்தார். அவருடைய சக தாதியர் தலைமுறை தலைமுறையாக, மசித்த உணவை வாய்வழியே ஊட்டி அவரைப் பேணினர். இறுதி ஆண்டுகளில்தான் மூக்குக் குழாய் தேவைப்பட்டது. 2011-இல் இந்திய உச்ச நீதிமன்றம் அவரைக் கருணைக்கொலை செய்யக் கோரிய மனுவைத் தள்ளுபடி செய்தபோது, அத்தாதியரின் தொண்டைப் பாராட்டியது. 2015 மே 18-இல் அவர் இயற்கையாக மறைந்தார்.

வாய் மறந்துவிடும் பிள்ளைகள்

பிள்ளைகள் நிலை வேறு. அவர்களுக்குக் குழாய் வளர்ச்சிக்கான பாலம். பலர் பின்னாளில் அதனைக் கைவிடுகின்றனர். ஆனால் அவர்களுக்கும் ஒரு நீண்டகால விளைவு உண்டு. பிறந்தது முதல் வாய்க்கு வேலை இல்லாத குழந்தை, உண்ணுதலைக் கற்காமலே வளர்கிறது. கரண்டியைக் கண்டால் அழுகிறது, சோறு உதட்டில் பட்டால் குமட்டுகிறது. எழுத்தறிவுக்குப் பருவம் இருப்பதுபோல் உண்ணுதலுக்கும் பருவம் உண்டு. அதனால்தான் விழுங்கல் பயிற்சியாளர்கள், பாதுகாப்பானது என்று உறுதியானால், குழாய் இருக்கும்போதே சிறிதளவு வாயில் சுவைக்கக் கொடுக்கச் சொல்கின்றனர். பிறர் உண்ணும் இடத்தில் அக்குழந்தையையும் அமர்த்தச் சொல்கின்றனர்.

நம் பள்ளியில் செய்தவை

2019 முதல், சிறப்புத் தேவையுடைய எந்தப் பிள்ளையையும் பள்ளிகள் மறுத்தனுப்பலாகாது என்பது கல்வி அமைச்சின் கொள்கை. எனவே, இத்தகைய பிள்ளைகள் நம் வகுப்புக்கு வருவர். அந்தப் பையனைச் சேர்த்துக்கொண்டோம். ஓய்வு நேரத்தில் அவனுடைய பாட்டி வந்து ஊட்டுகிறார். பொத்தான் கழன்றால் யாரை அழைப்பது, எந்த மருத்துவமனைக்குச் செல்வது என்று எழுதிய தாள் அலுவலகத்திலும் வகுப்பிலும் ஒட்டப்பட்டுள்ளது. அதனை ஆசிரியர் அனைவரும் படித்துக் கையொப்பம் இட்டுள்ளோம். அந்த ஏற்பாட்டை வற்புறுத்தியவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

முதல் வாரம் அவனைத் தனியறையில் வைத்து ஊட்டுவதே நல்லது என்று சிலர் கருதினர். அவன் பாட்டி உடன்படவில்லை. இப்போது அவன் சிற்றுண்டிச்சாலையில் நண்பர்களோடுதான் அமர்கிறான். பால் வயிற்றில் இறங்கும்போது, பயிற்சியாளர் அனுமதித்தபடி, ஏதேனும் ஒன்றை நாவால் தொட்டுச் சுவைக்கிறான். சென்ற மாதம் அது பருப்புக் குழம்பு. முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடியும் விரலை நீட்டினான்.

என் தாயார் 2019-இல் மறைந்தார். இரண்டாவது குழாயை நாங்கள் முறையாகப் பேணினோம். அது ஒரு தொல்லையும் தரவில்லை. இறுதி ஆண்டில், விழுங்கல் பயிற்சியாளரின் அனுமதியோடு, ஒவ்வொரு காலையும் பஞ்சுக்குச்சியைக் காப்பியில் தோய்த்து அவர் நாவில் தடவுவோம். விடியலில் வெளிக்காட்டுக்குப் போகுமுன் காப்பி குடித்துப் பழகியவர். அந்தத் துளிக்காகக் காத்திருப்பார். அது படும்போது கண்ணை மூடிக்கொள்வார். வயிற்றை நிரப்ப நாங்கள் ஊற்றிய எத்தனையோ டின் பால், அந்த முகத்தை ஒருநாளும் தந்ததில்லை.

பெற்றோர்களே, உங்கள் இல்லத்தில் யாருக்கேனும் இக்குழாய் இருந்தால், மருத்துவமனை தந்த தாளை இன்றே எடுத்து முழுதும் படியுங்கள். வெளித்தட்டு தோலை இறுக்குகிறதா என்று பாருங்கள். ஐயம் எழுந்தால் கூச்சப்படாமல் தாதியரைக் கேளுங்கள். ஆசிரியர்களே, அடுத்த பதிவு நாளில் ஒரு தாய் தயங்கி நின்றால், முதலில் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போடுங்கள்.